கோய்லின் கணக்கில் எதை எழுதுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு இரண்டாம் முறையாகத் தலைமைப் பயிற்சியாளராக வந்து, இரண்டு பருவங்கள் இருந்து விடைபெற்ற ஓவன் கோய்லைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் இரண்டு கடிதங்கள் வெளிவந்திருந்தன. அடித்தட்டில் கிடந்த அணியை 2020-இல் இறுதிப் போட்டி வரை தூக்கிச் சென்றவரை நன்றி மறந்து அனுப்பிவிட்டோம் என்று ஒருவர் வருந்தியிருந்தார். 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் 13 அணிகளில் 11-ஆவதாக வந்த பிறகும் அவரைக் கொண்டாடுவது எதற்கு என்று மற்றவர் கேட்டிருந்தார். இருவர் சொன்ன தகவலிலும் பிழையில்லை. ஆயினும் ஒருவர் ஒரு பருவத்தின் முடிவையும், மற்றவர் இன்னொரு பருவத்தின் முடிவையும் எடுத்துக்கொண்டு வாதாடியிருக்கிறார்களே தவிர, அந்தப் பயிற்சியாளருக்கு எது கைவந்தது, எது கடைசிவரை கைவரவில்லை என்பதை இருவருமே தொடவில்லை. 2014-இல் அணி தொடங்கிய நாளிலிருந்து பெரியமேடு நேரு விளையாட்டரங்கின் கேலரியில் உட்கார்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில் என் கணிப்பையும் எழுதுகிறேன்.

கோய்லை அறிய ஒரு முழுப் பருவம் கூடத் தேவையில்லை. 2020 அரையிறுதியின் இரண்டு ஆட்டங்கள் போதும். பிப்ரவரி 29 அன்று சென்னையில் நடந்த முதல் ஆட்டத்தின் இடைவேளை வரை கோல் இல்லை. லீக்கில் முதலிடம் பிடித்து வந்திருந்த எஃப்.சி. கோவா அணி பந்தை நிதானமாக வைத்து ஆடிக்கொண்டிருந்தது. என் பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்காரும் பெரியவர், ஐ.சி.எஃப். பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளமையில் கோல்கீப்பராக ஆடியவர், நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் சின்னப் பென்சிலால் நிமிடக் கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர். அன்று முதல் பாதியில் அவர் எழுதியது ஒன்றுமில்லை. இடைவேளை முடிந்ததும் எழுதத் தொடங்கினார். 54-இல் கோயன், 61-இல் தாப்பா, 77-இல் எலி சபியா, 79-இல் சாங்டே. இருபத்தைந்து நிமிடத்தில் நான்கு கோல். நான்கு பேரில் இருவர் நடுப் பின்களத்துக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னேறித் தாக்கு என்று சொல்லிவிட்டால் பின்களமும் சேர்ந்தே முன்னேறுவதுதான் கோய்லின் ஆட்டம். கோவா ஒரு கோல் திருப்பியடிக்க, 4-1 என்று முடிந்தது. கேலரியில் பறையடி ஓய வெகுநேரம் ஆயிற்று.

ஒரு வாரம் கழித்து கோவாவில் இரண்டாம் ஆட்டம். மூன்று கோல் முன்னிலையோடு போன அணி எப்படி ஆட வேண்டும் என்று தெருவில் பந்து உதைக்கும் பையனிடம் கேட்டாலும் சொல்லிவிடுவான். நம்மவர்களோ இருபது நிமிடம் தாண்டியதுமே இரண்டு கோல் வாங்கினார்கள். இடைவேளைக்குப் பின் சாங்டேவும் வால்ஸ்கிஸும் அடித்துச் சமன் செய்தார்கள். அத்தோடு கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 81-ஆவது நிமிடத்தில் ஒன்று, 83-ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 4-2 என்று அந்த ஆட்டத்தைத் தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிப் போட்டிக்குள் நுழைந்தோம். அன்றிரவு பெரியவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, இந்த ஆளுக்குத் திறக்கத் தெரிஞ்ச அளவு பூட்டத் தெரியலை." பிறகு வந்த எல்லாப் பருவங்களிலும் அந்த ஒரு வரியைத் தாண்டி எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

முதலில், திறந்த கதையை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2019 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது அணியின் நிலை என்னவாக இருந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். முன்னவரான ஜான் கிரிகரியின் கீழ் அந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல் கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களின் முடிவில் கையில் இருந்தவை ஐந்து புள்ளிகள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே, தாப்பா எல்லாரும் அப்போதே அணியில் இருந்தவர்கள். கோய்ல் கையோடு புது ஆட்களைக் கூட்டி வரவில்லை. கிரிவெல்லாரோவை வால்ஸ்கிஸுக்குப் பின்னால் சுதந்திரமாக அலையவிட்டு, சாங்டேயின் வேகத்துக்கு இடதுபக்கத்தைத் திறந்துவிட்டு, பந்தை இழந்த இடத்திலேயே திரும்பப் பிடுங்கச் சொன்னார். அதே ஆட்கள் வேறு ஆட்களாகத் தெரிந்தார்கள். அந்தப் பருவத்தின் அதிகபட்சமான 15 கோல்களை அடித்தவர்களில் வால்ஸ்கிஸும் ஒருவர். சாங்டே 7 கோல் அடித்தார். 29 புள்ளிகளோடு நான்காவதாக வந்தோம். மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களே இல்லாத ஃபட்டோர்டா அரங்கில், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று இறுதிப் போட்டியைத் தோற்றோம் என்பதால் இந்தச் சாதனை சிறுத்துவிடாது. துவண்டு கிடக்கும் ஆட்டக்காரனை நிமிர்த்துவதில் ஐ.எஸ்.எல். கண்ட பயிற்சியாளர்களில் கோய்லுக்கு நிகரானவர்கள் வெகு சிலரே என்பது என் கருத்து.

இந்தக் குணம் அவருக்குச் சென்னையில் வந்ததும் அல்ல. 2009-இல் பர்ன்லி என்ற சிறிய நகரத்து அணியை வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 1-0 என்று வெல்லவைத்து, 33 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல்நிலை லீக்குக்குக் கொண்டுபோனவர் அவர். அங்கே நடந்த முதல் சொந்தத் திடல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று அந்த அணி தோற்கடித்தது. ஆனால் வெளியூர் ஆட்டங்களில், அவர் இருந்த பாதிப் பருவத்தில், கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. மான்செஸ்டர் சிட்டியோடு 3-3 என்று ஆடியது. அதிலும் முதலில் 2-0 என்று முன்னிலையில் இருந்தவர்கள் பர்ன்லிக்காரர்களே. 2010 ஜனவரியில், தாம் முன்பு ஆட்டக்காரராக இருந்த போல்ட்டனுக்குப் பாதிப் பருவத்தில் போய்விட்டார்; அந்தக் கோபம் பர்ன்லி ரசிகர்களிடம் நெடுநாள் இருந்தது. போல்ட்டனிலும் இதே கதைதான். 2011-இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனார்; அங்கே ஸ்டோக் சிட்டியிடம் 5-0 என்று தோற்றார்; அடுத்த ஆண்டு அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. இங்கிலாந்து ரசிகர் ஒருவரை அழைத்துவந்து நம் கேலரியில் உட்காரவைத்தால், நாம் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

அணிகள் தவறு செய்தன, கோய்ல் மாறவில்லை என்று இதை முடித்துவிடலாம் போல் தோன்றும். நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒன்றை நம் ரசிகர்கள் பேசுவதே இல்லை. திடலில் ஒரே நேரத்தில் எத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இறங்கலாம் என்ற விதி ஐ.எஸ்.எல்.லில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2015-இல் மத்தராட்ஸியின் பயிற்சியில் சென்னை கோப்பை வென்றபோது ஆறு பேர். 2018-இல் கிரிகரி வென்றபோதும் 2020-இல் கோய்ல் இறுதிக்குப் போனபோதும் ஐந்து பேர். 2021-22 முதல் நான்கே பேர். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி என்று முன்னால் மூவரையும், கோயன், எலி சபியா என்று பின்னால் இருவரையும் நிறுத்திய அந்த 2020 அணியை இன்றைய விதியின்படி இறக்கவே முடியாது. வெளியே நிறுத்த வேண்டிய ஐந்தாவது ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பின்களத்தில் ஒருவரை எடுத்தால் ஓட்டை. முன்களத்தில் ஒருவரை எடுத்தால் கோல் வறட்சி. ஆகவே 2020-இன் கோய்லையும் 2024-இன் கோய்லையும் ஒரே தராசில் நிறுத்துவது தவறு.

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் விதி வந்த அதே 2021-22 பருவத்தில்தான் கோய்ல் ஜாம்ஷெட்பூர் அணியோடு, லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்டை வென்றார். தொடர்ந்து ஏழு வெற்றிகள், 43 புள்ளிகள், அதுவரை லீக்கில் யாரும் எடுக்காத எண்ணிக்கை. அப்படியானால் விதியைக் குறை சொல்லி என்ன பயன்? பயன் உண்டு என்றே நினைக்கிறேன். அங்கே கிரெக் ஸ்டூவர்ட் என்ற ஒருவர் 10 கோல் அடித்து, இன்னும் 10 கோலுக்குப் பந்து கொடுத்தார். அப்படி ஒருவர் அமைந்துவிட்டால் மற்ற மூன்று இடங்களில் இருவரைப் பின்களத்துக்கு ஒதுக்கலாம். இந்திய இளைஞர்கள் அச்சமின்றி ஓடலாம். தவிர, அந்தப் பருவம் முழுவதும் எல்லா அணிகளும் கோவாவிலேயே அடைபட்டு ஆடின. வெளியூர் அலைச்சல் என்பது யாருக்கும் கிடையாது. ஓர் அணியை மாதக்கணக்கில் ஒரே விடுதியில் தம் கண்முன் வைத்திருந்து, நாள்தோறும் முதுகில் தட்டிக்கொடுத்து நடத்தும் வாய்ப்பு கோய்லின் சுபாவத்துக்குப் பொருந்தியது. ஆக, அவருடைய ஆட்டமுறைக்கு ஓர் அச்சாணி ஆட்டக்காரன் வேண்டும். அச்சாணி இருந்தால் தேர் ஓடும்; இல்லாவிட்டால் அதை வேறு விதமாக ஓட்டும் வித்தை அவரிடம் இல்லை. இதை நான் அவருடைய குறையாகவே எழுதுவேன்.

இனி இரண்டாம் வருகைக்கு வருகிறேன். இடைப்பட்ட மூன்று பருவங்களில் லாஸ்லோ, பாண்டோவிச், பிர்தாரிச் என்று ஆண்டுக்கொரு தலைமைப் பயிற்சியாளரை வைத்து, மூன்று முறையும் எட்டாவதாக வந்திருந்தோம். 2023-24-இல் கோய்ல் வந்தவுடன் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றோம். ஆனாலும் ஆறாவதாக வந்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றில் நுழைந்தோம். அந்தப் பருவத்தில் ஷீல்டை வென்ற மோகன் பகானை கொல்கத்தாவிலேயே 3-2 என்று, தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு இர்ஃபான் யாத்வாட் அடித்த கோலால், வென்றது மறக்கக் கூடியதா? கீழ்நிலை லீக் அணியிலிருந்து வந்த அந்த இளைஞர் பிறகு இந்திய அணிக்கும் ஆடினார். இதை வரவில் எழுத வேண்டும். ஸ்காட்லாந்தின் குவீன்ஸ் பார்க் அணியில் தம்மிடம் ஆடிய கானர் ஷீல்ட்ஸை அவர் கூட்டிவந்ததும் வரவுதான். 2024-25-இல் லீக்கிலேயே அதிகமான கோல் வாய்ப்புகளை உருவாக்கியவர் அவர். உருவாக்கிய வாய்ப்புகளுக்கும் அணி பிடித்த பதினொன்றாம் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வாய்ப்பை உண்டாக்கும் முறையை அணிக்குப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்றும், அதை முடிக்கவும் காக்கவும் கற்றுக்கொடுக்கவில்லை என்றும் அதிலிருந்தே தெரிகிறது.

அந்தக் கடைசிப் பருவத்தில் ஜாம்ஷெட்பூரை அதன் சொந்தத் திடலில் 5-1 என்று அடித்த அதே அணி, லீக்குக்குப் புதிதாக வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் சென்னையில் 1-0 என்று தோற்றது. கொல்கத்தாவில் அதே முகமதனுக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு கோல் வாங்கிச் சமனில் விட்டது. இங்கே ஆட்டக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. முன்னிலையில் இருக்கும்போது யாரை வெளியே எடுப்பது, யாரை உள்ளே அனுப்புவது, எந்த நிமிடத்தில் அனுப்புவது என்பது முழுக்க முழுக்கப் பயிற்சியாளரின் கையில் உள்ள வேலை. கோய்ல் பெரும்பாலும் முன்களத்தில் ஓய்ந்த காலுக்குப் புதுக்காலை அனுப்புவார். நடுக்களத்தில் ஓர் ஆளைக் கூட்டிக் கதவைச் சாத்துவது அவர் மனத்துக்கு ஒவ்வாது. இன்னொரு கோல் அடித்துவிடலாம் என்றே அவர் கடைசிவரை நம்பினார். கேலரியில் உட்கார்ந்து அந்த நம்பிக்கையை நானும் பலமுறை பகிர்ந்துகொண்டிருக்கிறேன்; அதற்கான விலையையும் அவரோடு சேர்ந்தே கொடுத்திருக்கிறேன்.

அவர்மேல் சுமத்தக் கூடாத ஒன்றையும் இங்கே பிரித்துவிட வேண்டும். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை என்ற குறை. 2020 அணியில் நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்பாலைக் கோய்ல் நன்றாகவே பயன்படுத்தினார். அதே எட்வினும், சென்னையில் ஆடிப் பழகிய நந்தகுமாரும், 2023-24-இல் ஈஸ்ட் பெங்காலின் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக நந்தகுமார் கோல் அடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து வியாசர்பாடிப் பையன்கள் கூத்தாடியதை நான் அறிவேன். நம் ஊர்க்காரர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பவை பயிற்சியாளரின் பருவத்தைவிட நீண்ட காலக் கணக்குகள்; அவை நிர்வாகத்தின் ஏட்டில் எழுதப்பட வேண்டியவை. நல்லதெல்லாம் நிர்வாகத்துக்கு, கெட்டதெல்லாம் பயிற்சியாளருக்கு என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் நம் அணியில் மட்டும் உள்ளதல்ல என்றாலும், அதற்கு ரசிகர்களாகிய நாமும் கைகொடுக்க வேண்டியதில்லை.

ஒரே பயிற்சியாளரை ஒரே எண்ணால் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஜான் கிரிகரி இருக்கிறார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், இறுதிப் போட்டியில் பெங்களூரு அணியின் சேத்ரி முதல் பத்து நிமிடத்துக்குள் கோல் அடித்த பிறகும், மெயில்சன் ஆல்வஸின் இரண்டு தலைமுட்டுகளோடு 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த பருவத்தில் அவரே இருந்தார். 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது இடம். முதல் ஆண்டில் மேதையாக இருந்தவர் மறு ஆண்டில் ஆட்டமே தெரியாதவர் ஆகிவிட்டாரா? அவருடைய பலமான கார்னர், ஃப்ரீ கிக் ஆட்டத்தை மற்ற அணிகள் படித்துக்கொண்டன என்பதும், தமக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்களை அவர் விட்டுக்கொடுக்கத் தயங்கினார் என்பதும் என் ஊகம். அப்படிப் பிரித்துப் பேசினால்தான் அடுத்து வருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

கோய்லுக்கு அடுத்து, 2025-இல் நியமிக்கப்பட்டவர் கிளிஃபர்ட் மிராண்டா. 2023-இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வென்று கொடுத்தவர். 2020 அரையிறுதியில் எதிர்ப்பக்கத்தில் நின்று, கோவாவின் இடைக்காலப் பயிற்சியாளராக, 6-5 என்று தோற்றவரும் இவரே. கோய்லின் அணி எங்கே திறந்து கிடக்கும் என்பதை அந்த 81, 83-ஆவது நிமிடங்களில் நேரில் கண்டவர். இந்தியப் பயிற்சியாளர் என்பதால் அவருக்கு நம் ரசிகர்கள் பொறுமை குறைவாகவே காட்டுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. வெளிநாட்டவர் மூன்று ஆட்டம் தோற்றால் பழகிக்கொள்ள அவகாசம் என்கிறோம். நம்மவர் தோற்றால் அன்றே தகுதியைக் கேட்கிறோம்.

இந்தப் பேச்சு சரியாக நடக்கத் தங்கள் நாளிதழால் ஓர் உதவி செய்ய முடியும். சென்னையின் ஆட்டம் முடிந்த மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் எத்தனைக்கு எத்தனை, யார் கோல் அடித்தார் என்ற நான்கு வரிகளே வருகின்றன. அதற்குக் கீழே, தொடக்கத்தில் இறங்கிய பதினொருவர் பெயரையும், யாருக்குப் பதிலாக யார் எந்த நிமிடத்தில் வந்தார் என்பதையும், கோல்கள் விழுந்த நிமிடங்களையும் சிறிய எழுத்தில் சேர்த்து வெளியிட்டால் போதும். கிரிக்கெட்டுக்கு முழு ஸ்கோர் பட்டியல் அச்சிடும் பக்கத்தில் ஐந்தாறு வரிகள் கூடுதலாகக் கேட்பது பேராசை ஆகாது என்று நம்புகிறேன். பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி; அரங்கின் படியேற முடிவதில்லை. காலையில் தங்கள் நாளிதழைப் பார்த்துத்தான் அவர் தம் கணக்கை எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை.